கல் கட்டியும் திரும்பி வந்த சாக்கு

நிக்கொலஸ் கதவைத் திறந்தபோது வேலிப் படலைக்கு உள்ளே சாக்கு இருந்தது. வெள்ளை உரச் சாக்கு. வாயை நீல நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் கதவை மறுபடி சாத்தினான்.

"எமில்டா, ஆரோ மூட்டை ஒண்டு போட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்."

மனைவி அடுப்படியில் இருந்து வந்தாள். அடுப்பில் வெறும் தேத்தண்ணீர்தான் கொதித்தது. கச்சான் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்ததிலிருந்து கண்டக்குழியில் கரைவலை இழுக்கவில்லை. வலை இழுக்கும் கூலியை விட்டால் நிக்கொலஸுக்கு வேறு பிழைப்பு இல்லை. பிள்ளைகள் இரண்டும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தன.

"இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குத் தாரும் எண்டு ராவுதானே கேட்டனான்," என்றாள் எமில்டா. "ஆண்டவர் தந்திட்டார்."

"ஆண்டவர் நைலோன் கயிறு கட்டமாட்டார்."

அவள் படியிறங்கினாள். அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"தொடாத. கைரேகை விழும்."

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கடலால் வரும் கடத்தல் மூட்டைகளைத் தேடி நேவிக்காரர் கரையெல்லாம் நடந்துகொண்டிருந்தார்கள். எத்தாளையில் ஒருவனுடைய வளவுக்குள் அப்படி ஒரு மூட்டை கிடந்ததாம், அவன் இன்னும் வீடு வந்து சேரவில்லையாம் என்று தேத்தண்ணிக் கடையில் கதை.

"திறந்து பாத்தா என்ன?" என்றாள் எமில்டா.

"பாத்தா, தெரியாதெண்டு சொல்ல ஏலாதே."

அன்று மத்தியானம் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கரையில் ஒரு மனிதரும் இல்லை. நிக்கொலஸ் கைகளில் பழைய சாரனைச் சுற்றிக்கொண்டு சாக்கைத் தூக்கினான். வீட்டிலிருந்த ஒரே கனமான கல்லை அதோடு சேர்த்துக் கட்டி, நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கித் தள்ளிவிட்டான். ஓர் அலை அவனையும் புரட்டிப் போட்டது. செருப்பு இரண்டும் போயின. ஆனால் சாக்கு தாழ்ந்ததை அவன் கண்ணால் கண்டான்.

வீட்டுக்கு வந்தபோது எமில்டா அம்மியின் முன்னால் நின்றாள்.

"என்ர குழவி எங்க?"

அவன் ஈரச் சாரனைப் பிழியத் தொடங்கினான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தான். படலைக்கு உள்ளே வெள்ளைச் சாக்கு. அதே நீலக் கயிறு. அடியிலிருந்து தண்ணீர் வடிந்து மண் நனைந்திருந்தது. மூன்று பூனைகள் சுற்றிவர உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

நிக்கொலஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மீன் மணக்குது," என்றாள் எமில்டா.

"கடலுக்க கிடந்தது வேற எப்படி மணக்கும்?"

"அப்ப என்ர குழவி?"

"அவிழ்த்துப் போட்டிட்டு வந்திருக்கு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

கடல் ஏற்றுக்கொள்ளாததை மண் ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்தான். வலை வைக்கும் வாடிக்குப் பின்னால் குழி தோண்டினான். சாக்கை உள்ளே இறக்கி அரைவாசி மூடியபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"மொகத கரன்னே?"

நேவிக்காரர் இரண்டு பேர். என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். நிக்கொலஸுக்குக் காலையில் பார்த்த பூனைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"பூசா மெருணா, சேர்," என்றான். பூனை செத்துப்போனது.

ஒருவன் தொப்பியைக் கழற்றினான். மற்றவன் இரக்கப்பட்டு, சப்பாத்துக் காலால் மண்ணைத் தள்ளி மூடி உதவினான். நிக்கொலஸ் அழுதான். பூனைக்காக ஒரு மனிதன் இவ்வளவு அழுவதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள்.

அடுத்த நாள் காலை சாக்கு படலைக்கு உள்ளே இருந்தது. உடம்பெல்லாம் மணல்.

"புதைச்ச இடத்தைப் போய்ப் பாருங்களேன்," என்றாள் எமில்டா.

"அங்க இல்லாட்டிப் பயம். இருந்தா அதைவிடப் பயம்."

"அப்ப திறப்பம். பிள்ளைகளுக்குக் குடுக்க ஒண்டும் இல்ல."

"அதுக்குள்ள இருக்கிறதைப் பிள்ளைகள் தின்னாதுகள். நான்தான் களி தின்னவேணும்."

அன்று வெங்காய மூட்டை ஏற்றிய லொறி ஒன்று தெருவில் நின்றது. சாரதி தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். நிக்கொலஸ் தன் சாக்கை வெங்காயத்துக்கு நடுவே செருகிவிட்டு, லொறி சிமெந்து ஆலை இருக்கும் பாலாவிப் பக்கம் திரும்பி மறையும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இந்த முறை அது காலால் நடந்தாலும் வர முடியாது.

வந்தது. விடிந்து பார்த்தபோது சாம்பல் நிறத் தூசி படிந்து, அதே இடத்தில் குந்தியிருந்தது.

"சிமெந்துத் தூசு," என்றான் நிக்கொலஸ். குரல் அவனுடையது போலவே இல்லை. "பாலாவிக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கு."

எமில்டா சாக்கைப் பார்க்கவில்லை. உள்ளே பாயில் கிடந்த சின்னவளைப் பார்த்தாள். அவள் பசியில் அழுவதையும் விட்டிருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் முழந்தாள்ல நிண்டு கேக்கிறன்," என்றாள். "ஆண்டவர் காது குடுக்கிறாரில்ல. நீங்களும் அப்பிடித்தான்."

அவளிடமிருந்து அப்படி ஒரு பேச்சை நிக்கொலஸ் கேட்டதே இல்லை. சாக்கைவிட அது அவனைப் பயப்படுத்தியது. கொடியில் கிடந்த கோயிலுக்குப் போகும் சேர்ட்டை எடுத்துப் போட்டான். செபமாலையைப் பொக்கெற்றில் வைத்தான்.

"எங்க போறீங்க?"

"நேவியிட்டச் சரணடையப் போறன். நான் உள்ளுக்குப் போயிட்டா, உங்கள் மூண்டு பேரையும் கோயில் சுவாமியார் பாத்துக்கொள்ளுவார். எனக்கும் அங்க ஒரு நேரச் சோறாவது தருவாங்கள்."

எமில்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் சாரனைச் சுற்றிய கையால் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தான். அடியிலிருந்து ஈரம் கழுத்துக்குள் வடிந்தது. பூனைகள் பின்னால் நடந்தன.

படலையைத் திறந்தபோது வெளியே ஸுல்பிகா நின்றாள். அடுத்த வளவு நிஸாரின் மனைவி. நிஸார் ராவில் அலை குறைந்த களப்புக்கு மீன் பிடிக்கத் தோணி கொண்டுபோய், விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குத் திரும்புகிறவர். பேச்சுக் குறைவு, கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஸுல்பிகா சாக்கைப் பார்த்தாள்.

"தங்கச்சி, கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுறன், எனக்கு ஒண்டுமே தெரியாது."

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"அப்பிடியே தெரியாத மாதிரி இரிங்க அண்ணே, ஆருக்கும் சொல்ல வேணாமெண்டுதான் அவரும் விடிய முந்தி வெச்சிட்டு வாற, ஆனா நாளைக்கு அரிசியும் மீனும் போட ஊட்டுல சாக்கு முடிஞ்சி போச்சி, முந்தி வெச்ச மூணு சாக்கையும் வெறுமையாக்கித் தாங்களேன்."