அப்கிரேடு அண்ணனும் மூன்று பழைய சுவிட்சுகளும்

ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்துப் பொறுக்க முடியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் ஓசூரில் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவரைப் பெற்றவர்களுக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் அப்கிரேடு அண்ணன். வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அங்கே எட்டு மணி நேரம் கெட்டுப்போன மெஷின்களைச் சரிசெய்வார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, கெடாமல் இருப்பவற்றைக் கவனிப்பார்.

குடிவந்த முதல் வாரமே சீலிங் ஃபேனுக்கு ரிமோட் வைத்தார். மறுநாளிலிருந்து நான் என் டிவியில் சேனல் மாற்றினால் அவர் அறையில் ஃபேன் நின்றது. எப்படி என்று அவருக்கே புரியவில்லை. வேர்த்து விறுவிறுத்து வந்து கதவைத் தட்டுவார்.

“தம்பி, நியூசே ஓடட்டும்ப்பா. மாத்தாத.”

ஒரு கோடை முழுக்க நான் நியூஸ் மட்டும் பார்த்தேன். நாட்டு நடப்பு எனக்கு அத்துப்படியானது அப்படித்தான்.

அடுத்து மொட்டைமாடித் தண்ணித் தொட்டி. நிரம்பினால் மணியடிக்கும்படி செய்தார். நிரம்பினால் அடித்தது, மறுக்கவில்லை. காக்கா மூடிமேல் உட்கார்ந்தாலும் அடித்தது. தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெண்கள் காக்காவைப் பார்த்துவிட்டு அண்ணனைத் திட்டிக்கொண்டே திரும்பினார்கள்.

இத்தனையையும் சகித்துக்கொண்டவர் எங்கள் ஓனரம்மா. அவர் வீட்டுப் பக்கவாட்டுச் சுவரை ஒட்டித்தான் எங்கள் அறைகள். வீட்டுக்குள் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும், நமக்கு எதில் பதில் சொல்வதென்று தெரியாது. கணவர் தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. தனி ஆளாக நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் அண்ணன் அந்த சிஎன்சி மெஷினை வாங்கினார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தையும் அலுமினியத்தையும் குடைந்து எழுத்தும் பூவும் போடுகிற மெஷின். கம்பெனிகளில் அது லாரி சைசில் நிற்கும். அண்ணனுடையது தையல் மெஷின் அளவு, பொழுதுபோக்குக்காக ஆசைப்பட்டு வாங்கியது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே நான் ஆவலாகக் கேட்டேன்.

“அண்ணா, என் பேரை ஒரு கட்டையில வெட்டிக் குடுங்களேன்.”

“இந்த கண்ட்ரோல் போர்டை வெச்சா? இது சின்னப் பசங்க விளையாடறது தம்பி. நல்லதா ஒண்ணு போட்டுட்டு வெட்டலாம் இரு.”

இருந்தேன். போர்டு மாறியது. புது போர்டுக்கு மோட்டார் பொருந்தவில்லை, மோட்டார் மாறியது. மோட்டாருக்கு பவர் சப்ளை போதவில்லை, அதுவும் மாறியது. ஆபத்தென்றால் அமுக்க, காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் வந்தது. பிறகு அதைவிடப் பெரிய காளான் வந்தது. ஒன்றரை வருடத்தில் அந்த மெஷின் வெட்டியது ஒரே ஒரு பொருளை. அது இருந்த மேஜையை. அதுவும் தெரியாமல் வெட்டியது.

கடைசியாக மிச்சமிருந்த பழைய சாமான், லிமிட் சுவிட்சுகள். வெட்டும் தலை ஓரத்துக்கு வந்துவிட்டால் ‘போதும், நில்லு’ என்று மெஷினுக்குத் தகவல் சொல்கிற குட்டி சுவிட்சுகள், மூன்று திசைக்கு மூன்று. தலை வந்து முட்டினால் டிக்கென்று அமுங்கும். ஆனால் பக்கத்தில் வேறு எந்த மோட்டார் ஓடினாலும் இந்த சுவிட்சுகளின் வயர்களில் கரண்டுக் குழப்பம் ஏறி, முட்டாமலேயே முட்டிவிட்டதாக நினைத்து மெஷின் நின்றுவிடும். பக்கத்தில் ஓடிய மோட்டார் எது? சுவருக்கு அந்தப் பக்கம் ஓனரம்மாவின் மிக்ஸி.

அண்ணன் மெஷினைப் போடுவார். ஓனரம்மா சட்னி அரைப்பார். மெஷின் நின்றுவிடும். பத்து நாள் பொறுத்துப் பார்த்த அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படி ஜன்னலருகே போய் நின்றார்.

“அம்மா, ஒரு அரை மணி நேரம் சட்னி வேணாமே.”

“ஏமப்பா! என் வூட்ல நான் சட்னி அரைக்க உன் மெஷின்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?”

“இல்லம்மா, அது ஒரு நாய்ஸ் பிராப்ளம்...”

“நாய்சா? நாய்சு நானாப்பா?”

அன்றைக்கு மூன்று மொழியும் வந்தன. முடிவில் தீர்ப்பும் வந்தது. கேட்டில் மாட்ட, கணவர் பெயர் போட்ட ஒரு மரப்பலகை அவருக்கு வேண்டும். விஜயதசமி அன்று அந்த மெஷின் அதை வெட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மெஷினும் அண்ணனும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. விளையாட்டில்லை அது. கல்யாணமாகாத ஆளுக்கே ஓசூரில் வீடு கிடைப்பது கஷ்டம், மெஷின் வைத்திருக்கும் கல்யாணமாகாத ஆளுக்கு யார் கொடுப்பார்? ஏற்கெனவே மூன்று வீட்டில் துரத்தப்பட்டவர். இன்னொரு தரம் துரத்தினால் மெஷினை விற்க வேண்டியதுதான்.

விழுந்தடித்து வேலை பார்த்தார். டிக் சுவிட்சுகளைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். பதிலுக்கு ஒளி சென்சார்களை மாட்டினார். இரண்டு சின்னக் கால்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி. தலை வந்து அந்த ஒளியை மறைத்தால் மெஷின் நிற்கும். கூடவே, கரண்டுக் குழப்பம் ஏறாதபடி கவசம் சுற்றிய வயர். ஆயுத பூஜை அன்று காலை ஓட்டிப் பார்த்தோம். அந்தப் பக்கம் மிக்ஸி அலறுகிறது, இந்தப் பக்கம் மெஷின் சட்டையே செய்யாமல் ஓடுகிறது. அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“தம்பி, சட்னியை ஜெயிச்சுட்டோம்டா!”

சாயங்காலம் பூஜை. பைக், மிக்ஸி, ஸ்பேனர் எல்லாம் வரிசையில் நிற்க, நடுநாயகமாக மெஷின். கணவர் போனதிலிருந்து ஓனரம்மா எந்தப் பூஜையிலும் கடைசியில்தான் நின்றுகொள்வார். குங்குமக் கிண்ணத்தைத் தொடவே மாட்டார். அன்றைக்கு அண்ணன் அந்தக் கிண்ணத்தை நேராக அவரிடம் நீட்டினார்.

“நீங்க வைங்கம்மா.”

“நான் எதுக்குப்பா? வேற யாரனா வெக்கட்டும்.”

“உங்க வூட்டு கரண்டுல ஓடற மெஷின். வேற யாரு வெக்கிறது?”

பர்கூரிலிருந்து வந்திருந்த அவருடைய நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் ஓனரம்மா கிண்ணத்தை வாங்கிவிட்டார். மூன்று வருட ஆசையையும் சேர்த்து வைத்தார். மெஷினின் தலைக்கு, காலுக்கு, வயருக்கு, காளானுக்கு, விட்ட இடம் கிடையாது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம். வைத்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்து எல்லாரும் கூடிவிட்டார்கள். பலகையை இறுக்கியாயிற்று. அண்ணன் சாமியைக் கும்பிட்டுவிட்டு பட்டனைத் தட்டினார். மெஷின் அசையவில்லை. அணைத்துப் போட்டார். அசையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி மெதுவாகச் சொன்னார்.

“யார் கைய வெக்கணும், யார் கைய வெக்கக்கூடாதுன்னு இருக்குதில்ல?”

ஓனரம்மா இரண்டடி பின்னால் போய், பழையபடி கடைசியில் நின்றுகொண்டார். மூன்று மொழி தெரிந்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அண்ணன் செல்போன் டார்ச்சை அடித்து மெஷினுக்குள் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான் அவரிடம் கேட்டே இராத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

“புதுசு சரியில்ல. பழசே தேவலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழசே தேவலாம் என்று அப்கிரேடு அண்ணன் சொல்கிறார்!

“பூஜைல ஒரு குறையும் இல்லீங்க. நான் வயரிங்ல தப்பு பண்ணிட்டேன். முட்டாள்தனம். கால் மணி நேரம் குடுங்க” என்று நாத்தனாரைப் பார்த்தே சொன்னார். பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். சென்சார்களைக் கழற்றிவிட்டு, மூன்று டிக் சுவிட்சுகளையும் பழைய வயரோடு திரும்ப மாட்டினார். பட்டனைத் தட்டினார். தலை நகர்ந்தது, ஓரத்தில் முட்டியது, டிக். கூட்டம் கைதட்டியது. மரத்தூள் பறக்கப் பறக்க ஓனரம்மாவின் கணவர் பெயர் ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது.

“என் கை பட்டுத்தான் ஓடுச்சு, பாத்துக்கோ” என்று ஓனரம்மா நாத்தனாரிடம் சொன்னார், தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு.

சாப்பிட்டுவிட்டு வந்து அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கழற்றிய மூன்று சென்சார்கள். மூன்றின் கால்களுக்கும் நடுவே சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. ஒளி போக வழியே இல்லை. தலை எல்லா ஓரத்திலும் ஒரே நேரத்தில் நிற்பதாக நம்பி மெஷின் நகர மறுத்திருக்கிறது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

“அண்ணா, டார்ச் அடிச்சப்பவே இது தெரிஞ்சிருச்சில்ல?”

“தெரிஞ்சுது.”

“தொடச்சிருக்கலாமே!”

“அந்தம்மா வெச்ச குங்குமத்த, அத்தனை பேர் எதிர்ல, நான் தொடைக்கிறதா? போடா.”

“சரி, இப்பவாவது தொடச்சு மாட்டுங்க.”

“மாட்டுனா, அப்ப காலைல ஏன் ஓடலன்னு அந்தம்மா கேக்கும். எனக்குப் பொய் சொன்னா மூஞ்சில தெரிஞ்சுரும்டா.”

நான் அந்த அறையை விட்டு வந்து நாலு வருடம் ஆகிறது. போன மாதம் ஓசூர் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். கேட்டில் பலகை இருந்தது. அண்ணனும் அங்கேயே இருந்தார். மெஷினில் போர்டு மாறியிருந்தது, மோட்டார் மாறியிருந்தது, காளான் இன்னும் பெரிதாகியிருந்தது. மூன்று டிக் சுவிட்சு மட்டும் அப்படியே இருந்தது.

எனக்காக ஒரு கட்டையை இறுக்கிவிட்டு, அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“அம்மா, சட்னி அரைக்கிறீங்களா?”

“இல்லப்பா, நீ ஓட்டு. நான் அப்புறம் அரைச்சுக்கறேன்.”