அப்பாவின் காரை நான் ஏலம் விட்ட கதை

என் வாழ்க்கையில் நான் விற்கப் போன பொருள் ஒன்றே ஒன்றுதான். விற்கவும் செய்தேன். ஆனால் வாங்கியவருக்கு எதை வாங்கினோம் என்று தெரியவில்லை, எனக்கு எதை விற்றேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பழைய பேப்பரைக்கூட என்னை நம்பிப் போடச் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த தனி வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுவதாக ஏற்பாடு. அது முடியும்வரை வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டில் ஒரு சைக்கிள் நிறுத்தத்தான் இடம். அப்பாவிடம் இருந்ததோ, இங்கிலாந்தில் செய்த, ஆமை முதுகு வைத்த ஒரு பச்சைக் கார். கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. (அம்மா இதை, "எனக்கு முன்னாடியே ஒருத்தி இருந்தா" என்றுதான் சொல்வாள்.) தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் அப்பா காபி குடிப்பார்.

புதுப்பேட்டையிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் தட்டினார்.

"நல்ல கனமான தகடு சார். வெட்டி எட்த்தா எடைக்கு எடை தேறும்."

அப்பா உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இண்டர்நெட்டைப் பற்றி உலகத்துக்கே நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு.

"நீ கவலைப்படாதேப்பா. இண்டர்நெட்ல ஏலம் விடலாம். இந்தக் காரோட அருமை தெரிஞ்சவா கையில ஒப்படைக்கறேன். வெட்ட மாட்டா, ஓட்டுவா."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நம்பிக்கை.

போட்டோ எடுக்கும்போது பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் அசிங்கமாகத் தெரிந்தது. அம்மாவின் நீலப் போர்வைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி அதை மறைத்தேன். கீழேயும் ஒரு பழைய ஜமக்காளம். காரோடு நிற்கிறேன் என்று ஆசையாக வந்த அப்பாவை, "நீ நின்னா கார் எடுபடாதுப்பா" என்று விலக்கினேன். பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் போட்டோவை ஸ்கேன் செய்து ஏற்றினேன். அந்த ஏல வலைத்தளத்தில் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு இல்லை. 'சேகரிப்பவர்களுக்கு' என்று ஒன்று இருந்தது. பழைய கார் என்றால் அதுதானே? அதில் போட்டேன்.

பிறகு ஆங்கிலத்தில் விவரம் எழுதினேன். அதன் சாரம் இது: பச்சை நிறம். ஒரே குடும்பத்தில் இருந்தது. மழையில் வைத்ததில்லை. குழந்தைகள் கையில் கொடுத்ததில்லை. தினமும் துணியால் துடைக்கப்படுவது. நான்கு கதவுகளும் திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும்.

எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

ஒரு வாரத்தில் ஏலம் ஆயிரத்தைந்நூறில் முடிந்தது. இண்டர்நெட் என்றால் டாலர்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (கம்ப்யூட்டர் டீச்சர் என்பதை மறந்துவிட வேண்டாம்.) ஜெயித்தவர் அடையாறைச் சேர்ந்த தனசேகரன். அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது: "பெட்டி இருக்கிறதா?"

கார் ஷெட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பெட்டி இல்லை, மூடி வைக்க உறை உண்டு" என்று பதில் போட்டேன். "மிக்க மகிழ்ச்சி. அனுப்ப வேண்டாம், ஞாயிறன்று நானே வந்து எடுத்துப் போகிறேன்" என்று எழுதினார்.

ஞாயிறு காலை அப்பா காரைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றியிருந்தார். அம்மா கேசரி கிளறினாள். பஸ்ஸில் வந்து இறங்கிய தனசேகரன், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். வெள்ளை வேட்டி, கையில் பெரிய துணிப்பை, பைக்குள் கத்தையாகப் பழைய செய்தித்தாள். காரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். "அழகா வச்சிருக்கீங்க சார்" என்று போகிற போக்கில் அதைப் பாராட்டவும் செய்தார்.

கேசரியும் காபியும் ஆனது. தனசேகரன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"காரைக் கொண்டு வரீங்களாம்மா? இந்த மேஜை மேலயே வச்சுப் பாத்துடலாம்."

"மேஜை மேலயா?" என்றார் அப்பா.

அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்து, ஒரு செய்தித்தாளை விரித்து, அது சுருங்காமல் நீவிவிட்டார். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. போர்வை, கதவு, பெட்டி, டாலர் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

"மாமா, கார் வாசல்ல நிக்கறதே, அதுதான்," என்றேன்.

அம்மா கேசரிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முதுகு குலுங்கியது, அழுகையால் அல்ல. தனசேகரன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் பொம்மைக் கார் சேக்கறவன் சார். பச்சை மட்டும் எங்கிட்ட இல்ல. ஏலம் எடுத்தது நெசம், பேச்சு மாற மாட்டேன். ஆனா இது பைக்குள்ள போகாதே."

நான் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்பு வரவில்லை. அப்பா அந்த மல்லிகையைக் கட்டியது மட்டும்தான் கண்ணில் நின்றது. அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால், தனசேகரன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அப்பா வெளியே குனிந்து சக்கரத்தைப் பார்த்து, "திரும்பறது, திரும்பறது" என்கிறார்.

"நாப்பது வண்டி வச்சிருக்கேன் சார். ஒண்ணுலகூட ஏறி உக்காந்ததில்ல," என்றார் அவர்.

அவரை வீட்டில் கொண்டு விடுவதாக அப்பா பிடிவாதம் பிடித்தார். மூன்று பேரும் கிளம்பினோம். அடையாறு பாலத்தின் நடுவில் கார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிய வாத்தியாரும் இறங்கித் தள்ளினோம். அப்பா உள்ளே இருந்து, "மெதுவா, வலிக்கப் போறது" என்றார். எங்களுக்கா காருக்கா என்று சொல்லவில்லை.

ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிதானித்தார்.

"இன்னா நைனா, எதுவரைக்கும் தள்ளிக்கினு போவீங்க? ஏறிக் குந்துங்க."

நாங்கள் காரில் ஏறியதும், பின்னால் வந்து அதன் பம்பரில் ஒரு காலை வைத்து, ஆட்டோவை விரட்டினார். அந்த வேகத்தில் பாலத்தின் இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தனசேகரன் வீடு பழைய வீடு. வாசலை ஒட்டி அவருடைய அப்பா கட்டிய கார் ஷெட், உள்ளே தென்னை மட்டைதான் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இங்கயே நிக்கட்டும் சார். நீங்க வந்து துடைச்சுக்கலாம்."

ஆயிரத்தைந்நூறு ரூபாயையும் அப்பா கையில் திணித்தார். அப்பா வாங்க மறுத்தார். கடைசியில் அதில் புது பாட்டரி வாங்கினார்கள். அன்றிலிருந்து பதினொரு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா அடையாறுக்கு பஸ் ஏறினார். நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள யாருமே இல்லாத மனுஷர், எழுபது வயதில் ஒருவரைச் சம்பாதித்தார். வாத்தியாருக்குக் கார் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். ஒரு மதில் சுவர் மட்டும் போனது.

இப்போது போனிலேயே எல்லாம் வாங்குகிறோம். போன மாதம் நான் ஒரு பீரோவுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "வர்றவனுக்குக் கதவைத் திறந்து வைக்கணுமா, இல்ல மேஜையைத் துடைச்சு வச்சாப் போதுமா?"