ஆந்தைகளிடம் அனுப்பிய ஆள்

“மூணு வரி. மூணே வரி திட்டிட்டு நிறுத்திடணும். அதுக்கு மேல எனக்குத் தாங்காது” என்றார் பைண்டர்.

“நாடகம்தானேப்பா. தாங்கறதுக்கு அதுல என்ன இருக்கு?” என்றார் புரூஃப்காரர்.

அச்சகத்தின் பின்பக்கம், தாள் கட்டுகளுக்கு நடுவே இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷமாக அதே இடம். முந்தைய நாள் முதலாளியின் அறையில் மெஷின் ஃபோர்மேன் பேசியது எப்படியோ புரூஃப்காரர் காதுக்கு வந்துவிட்டது. பிழை திருத்த உள்ளே ஒரு ஆள் எதற்கு, வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாமே என்றாராம். முதலாளி யோசிப்பதாகச் சொன்னாராம்.

தப்பிக்கும் வழி புரூஃப்காரர் மேஜையிலேயே கிடந்தது. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த பழைய மிருகக் கதைகள், முந்நூறு பக்கம். பாதி திருத்தியிருந்தார். அதில் காக்கைகளுக்கும் ஆந்தைகளுக்கும் பகை. காக்கை ராஜா தன் மந்திரியையே எல்லோரும் பார்க்கக் கொத்தி, இறகைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. ஆந்தைகள் பரிதாபப்பட்டு மந்திரியைத் தங்கள் குகையில் சேர்த்துக்கொள்கின்றன. அது உள்விஷயமெல்லாம் தெரிந்துகொண்டு, ஆந்தைகளுக்குக் கண் தெரியாத பகல் நேரமாகப் பார்த்துக் குகைக்குத் தீ வைக்கிறது.

“தீயெல்லாம் வேண்டாம். நீ ஃபோர்மேன் பக்கம் போய்ச் சேர்ந்துக்க. அவன் முதலாளிகிட்ட என்ன ஓதறான்னு தெரிஞ்சா போதும்” என்று சொல்லித்தான் புரூஃப்காரர் பேச்சை ஆரம்பித்திருந்தார்.

“அதுல கொத்து வாங்கற காக்கா நானா?”

“உன் முகம்தான் அதுக்குத் தோதா இருக்கு.”

பைண்டர் சிரித்துவிட்டார். அவருக்கு எதையும் மறுக்கத் தெரியாது.

மூன்று வரியையும் புரூஃப்காரரே எழுதினார். தையல் விட்டுப்போகிறது. வேலையில் கவனம் இல்லை. இனிமேல் என் பக்கத்தில் உட்காராதே.

மறுநாள் டீ நேரத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது ஆரம்பித்தார். மூன்று வரியும் பிசகில்லாமல் வந்தன. நிறுத்த வேண்டிய இடத்தில் நான்காவது வரி வந்தது.

“உள்ள என்ன எழுதியிருக்குன்னே தெரியாம ஆயுசு பூரா தச்சுக்கிட்டு இருக்கறவன்தானே நீ?”

பிறகு ஐந்தாவது. பைண்டர் மெல்லும்போது வரும் சத்தம். சொன்ன கதையையே திரும்பச் சொல்வது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத மகன். “வேற யாரும் உன்னைச் சேர்த்துக்க மாட்டாங்களேன்னு பதினெட்டு வருஷம் பக்கத்துல உட்கார வச்சேன் பாரு” என்றும் சொன்னார். சொற்கள் தாமாக வந்தன. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. சுற்றி நின்றவர்கள் கையில் டீ ஏடு கட்டிவிட்டது.

பைண்டர் குனிந்த தலையோடு நின்றார். கண் நிறைந்திருந்தது. இவனுக்குள் இப்படியொரு நடிகனா என்று புரூஃப்காரருக்குப் பெருமையாக இருந்தது. ஃபோர்மேன் வந்து பைண்டரின் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார்.

சேதி கிடைத்தால் தைத்த புத்தகத்துக்குள் சீட்டு வைப்பதாக ஏற்பாடு. முதல் நாள் சீட்டு இல்லை. எச்சரிக்கையாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார்.

“எல்லார் முன்னாலயும் அந்த மனுஷனை அவமானப்படுத்தியிருக்கீங்க. மன்னிப்பு எழுதிக் கொடுத்திடுங்க.”

மன்னிப்பு எழுதினால் திட்டம் பாழ். மாட்டேன் என்றார். அது மட்டும் போதாதென்று, நம்பும்படி இருக்கட்டுமே என்று பைண்டரைப் பற்றி இரண்டு பக்கப் புகார் ஒன்றும் எழுதி நீட்டினார்.

வீட்டில் மனைவி கேட்டாள்.

“அவரை என்ன பேசினீங்க? கடைத்தெருவுல அவர் சம்சாரம் என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க.”

“நல்லது. அவங்களும் நம்பிட்டாங்க.”

“எதை?”

“உனக்குப் புரியாது. இது ராஜதந்திரம்.”

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

புகாரை முதலாளி இரண்டு முறை படித்தார். “ஒரு எழுத்துப்பிழை இல்லை” என்றார். “ஆனா கூட இருந்த மனுஷனையே இப்படி எழுதறவரை நான் பக்கத்துல வச்சுக்க முடியாது. ஃபோர்மேன் சொல்றப்போகூட எனக்கு மனசு வரலை. இப்போ வந்துடுச்சு. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்.”

அதே வாரம் ஃபோர்மேனின் மேஜைக்கு எதிரே பைண்டருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மதியம் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தாள் கட்டுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தபடி புரூஃப்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். உள்ளே ஆழமாகப் போய்விட்டான். இனி தீ வைக்க வேண்டியதுதான்.

மாசம் முடிந்தது. தீயும் இல்லை, சீட்டும் இல்லை. சிவப்பு மைப் பேனாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நேராகப் பைண்டர் வீட்டுக்கே போனார். பைண்டரின் மனைவி கதவைத் திறந்தாள். வழிவிடவில்லை.

“அவன் இருக்கானாம்மா?”

“இருக்காரு.”

உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை.

“அன்னிக்கு நடந்தது நாடகம்னு உங்ககிட்டயாவது சொன்னானா?”

“அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டாருண்ணா.”

புரூஃப்காரருக்குப் போன உயிர் திரும்பியது. “அப்பாடா. அவன் நிஜம்னு நினைச்சுட்டானோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு நடிச்சதும்மா அது.”

அவள் கதவைச் சாத்தப் போனவள், நிறுத்திச் சொன்னாள்.

“நடிச்சது அவர் ஒருத்தர்தானாம்ணா.”