காவிரிப் பாலத்தில் விட்ட பாதம்

உலகத்து முட்டாள்களை இரண்டு கட்சியாகப் பிரித்தால் நான் எதிலும் சேரமாட்டேன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பல்லிளிப்பேன். என் முட்டாள்தனம் அந்த ரகம்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சியில் குமாஸ்தா வேலை. எங்கள் ஹெட் கிளார்க் வரதாச்சாரியின் பெண் கோதையைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். புத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் காபியில் மட்டும் கூடுதலாக விழுந்த சர்க்கரை அதைச் சொல்லிற்று.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. நாங்கள் தென்கலை, எங்கள் நாமத்துக்கு மூக்கின்மேல் பாதம் உண்டு. அவர்கள் வடகலை, பாதம் கிடையாது. இருவருக்கும் பெருமாள் ஒருவர்தான். ஆனாலும் அந்த அரை அங்குல வெள்ளைக்காக என் அப்பா பந்தியிலிருந்து எழுந்துவிடுவார். வரதாச்சாரியும் அப்படித்தான்.

நான் யாரிடமும் வாதாடவில்லை. காலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் கைக்குட்டையால் பாதத்தைத் துடைத்துவிடுவேன். சாயங்காலம் அதே பாலத்தில், டிபன் டப்பா மூடியில் முகம் பார்த்து, மறுபடி இட்டுக்கொள்வேன். வரதாச்சாரி கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. (பொய் சொன்னது நெற்றிதான், நான் இல்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தூர் வீட்டில் வரதாச்சாரி திடீரென்று அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கிளம்பு. இன்னிக்கே உங்க அப்பாவைப் பார்த்துப் பேசிடறேன்."

கதவோரம் கோதை சிரித்தாள். அதைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

பஸ்ஸில் என்னை ஒட்டியே உட்கார்ந்தார். பாலம் வந்தது, போயும்விட்டது. திருமண் கட்டி சட்டைப் பையிலேயே கிடந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"என்னப்பா?"

"ஜலதோஷம், சார்."

வீட்டில் இரண்டு பெரியவர்களும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னடா மூக்கைப் பொத்திண்டு நிக்கறே? கையை எடு" என்றார் அப்பா.

எடுத்தேன்.

"பாதம் எங்கடா?"

"பாலத்துல இருக்குப்பா."

வரதாச்சாரி கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. "வேற கலைன்னா உட்கார்ந்து சண்டை போடலாம். கோதைக்காக நான் இறங்கியும் வந்திருப்பேன். ஆளுக்குத் தகுந்தாப்பல நெத்தியை மாத்தறவனுக்கு எப்படிங்காணும் பொண்ணைக் குடுக்கறது?"

"குடுக்காதேயும்" என்றார் என்னைப் பெற்றவர். "நானா இருந்தாலும் குடுக்கமாட்டேன்."

அன்றிலிருந்து இருவரும் உயிர் நண்பர்கள். ஞாயிறுதோறும் சந்தித்து, நாமத்தைப் பற்றி ஆனந்தமாகச் சண்டை போட்டார்கள். கோதையை பம்பாய்க்குக் கட்டிக்கொடுத்தபோது பந்தலில் எல்லாரையும் வரவேற்று நின்றது என் அப்பாதான்.

எனக்கும் நல்ல மனைவி வாய்த்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் அசடு வழியும்போதெல்லாம், "கைக்குட்டை வேணுமா?" என்பாள். இப்போது குழந்தைகளும் கேட்கின்றன. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. காபியில்தான், எத்தனை ஸ்பூன் போட்டாலும், அந்தத் தித்திப்பு வருவதில்லை.

பத்து வருஷம் கழித்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கோதையைப் பார்த்தேன். பிறந்தகத்துக்கு வந்திருந்தாள். பஸ் பாலத்தில் ஏறியது. அவள் பார்வை என் மூக்கின்மேல் ஒரு கணம் நின்றது.

"இப்பல்லாம் நெத்தியில ஒண்ணுமே இட்டுக்கறதில்லை" என்று சிரித்துவைத்தேன்.

"இதாவது நீங்களா எடுத்த முடிவா?"