சத்தம் மட்டும் கமலா மாமி வீட்டில்

ஒன்றுமே தெரியாதவன் டிவியைக் கழற்றமாட்டான். எல்லாம் தெரிந்தவன் கழற்றினால் திரும்பப் பூட்டிவிடுவான். நடுவில் ஒரு ரகம் உண்டு. கொஞ்ச நாள் ரேடியோ திருத்தப் பழகிவிட்டுத் தன்னை இஞ்சினியர் என்று நம்பும் ரகம். (நான்தான்.)

கப்பலில் வேலை செய்த அத்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு கலர் டிவியைக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கமலா மாமியிடம், "உங்கட பெட்டியில படமா மாமி வருகுது? தூசிதானே வருகுது!" என்று வாயை விட்டேன். மாமி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

எங்கள் பெட்டியில் வந்ததோ கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் மேலே மேலே ஓடியது. ஒரு குமிழைத் திருகி ஓட்டத்தை நிறுத்தினேன். சத்தம் மட்டும் வரவே இல்லை. படத்திலிருந்து எவ்வளவு தள்ளிச் சத்தத்தை அனுப்புவது என்பதில் நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்கப் பெட்டி அமெரிக்கக் கணக்குப்படி தேட, எங்கள் நாட்டுச் சத்தம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. டிவிக்கு லைசன்ஸ் கட்டாயம் என்ற அரசாங்கம், எந்த நாட்டுப் பெட்டி இங்கே பேசும் என்று சொல்லவில்லை. (ஊமைப் பெட்டிக்கும் முழு லைசன்ஸ்தான் கட்டினோம்.)

நான் பின்மூடியைக் கழற்றி நாலு வயரை வெளியே இழுத்துவிட்டதோடு சரி. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். மாமி பார்ப்பதும் அதே சனல்தான். ஜன்னலைத் திறந்து வைத்தால் படம் எங்கள் வீட்டில், சத்தம் மாமி வீட்டிலிருந்து! மாமிக்கு மட்டும் இது தெரியக்கூடாது என்று வீட்டாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஒரு பின்னேரம், டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றது. அது யுத்த காலம்; வீதியில் ஆமியைக் கண்டு மாமி டிவியை நிறுத்தியிருக்கிறார். சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. அடுத்த நிமிடம் எங்கள் வீட்டுக்குள் பூட்ஸ் கால்கள்.

அதிகாரி டிவியைப் பார்த்தார். அதில் ஒருவர் சத்தமில்லாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் எங்க?"

குமிழை அந்தம் வரை திருகினார். பெட்டி மூச்சு விடவில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வயர்கள் தொங்கின, பக்கத்தில் என் ஈயம் பற்றவைக்கும் கோல்.

"சத்தம் சாமான் கழட்டி யாருக்குக் குடுத்த?"

குண்டு செய்யத்தான் என்று ஒரு வயர் துண்டுக்காகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. என் வாயோ, பழக்க தோஷத்தில், பாடம் நடத்தியது.

"சேர், அமெரிக்காவில ஃப்ரீக்குவன்சி வேற..."

"ஃப்ரீக்குவன்சி? உனக்கு ஃப்ரீக்குவன்சி தெரியுமா?"

என் சட்டைக் கழுத்து அவர் கைக்குப் போனது. வாசலில் ட்ரக் நின்றது. அக்கா ஜன்னலுக்குப் பாய்ந்தாள்.

"மாமீ! டிவியப் போடுங்க மாமி! நல்லாக் கூட்டி வையுங்க! இவனப் புடிச்சிட்டாங்க!"

நான் 'தூசி' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. என் உயிர் இப்போது மாமியின் கோபத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று பயந்ததுபோல் பிறகு ஒருநாளும் நான் பயந்ததில்லை.

திடீரென்று வேலிக்கு அப்பாலிருந்து ஊரே கேட்கும்படி செய்தி முழங்கியது. இங்கே வாய் அசைந்தது, அங்கே சொல் வந்தது. அதிகாரி ஜன்னலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பவும் ஜன்னலைப் பார்த்தார்.

"சனல் மாத்தச் சொல்லு."

அக்கா கத்தினாள். அங்கே மாமி மாற்ற, இங்கே அதிகாரியே மாற்றினார். திரையில் ஒரு பெண் பாட, மாமி வீட்டிலிருந்து பாட்டு வந்தது. கதவடியில் நின்ற சிப்பாய் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு அதிகாரியும் சிரித்தார். என் கழுத்து விடுபட்டது.

போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லைசன்ஸ் இருக்கா?"

இருந்தது. அக்கா ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினாள்.

ட்ரக் போனதும் மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன மனே, தூசிப் பெட்டிட சத்தம் நல்லாக் கேட்டுதா?" என்றார். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

இப்போது நாங்கள் ஆளுக்கொரு நாட்டில். வீடியோ அழைப்பில் யாருடைய சத்தமாவது வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து, "மாமீ, கூட்டி வையுங்க!" என்று கத்துவார்கள். கனடாவில் இருக்கும் கமலா மாமியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். நான் மட்டும் சட்டைக் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன்.