முந்நூற்றுப் பன்னிரண்டு குழல்கள் லுணுகலை நீங்கிய பர்வம்

கோப்புகளின் காவலனே, ரப்பர் முத்திரையைச் செங்கோலாய்ப் பிடித்தவனே, யாழ்ப்பாணத்தில் பிறந்து பதுளைப் பனியில் தடிமன் பிடித்த தகைமையோனே, நாரங்கலைப் பல்கலைக்கழக இலிகிதர் திலகமே, இரகுநாதா, நீ வாழ்க! உன் புகழ் பாடத் துணிந்த எனக்கும் வேறு வேலை இல்லை.

முன்னொரு காலத்தில் லுணுகலைத் தோட்டமொன்றை ஆண்ட வெள்ளைத்துரை கடல்கடந்து வரவழைத்து, தொழிலாளர் தோள்மேல் மலையேற்றி, தோட்டத்துத் தேவாலயத்தில் நிறுத்திய குழல் ஆர்கன் என்னும் பேரிசைப்பெட்டி, துரை போனபின் வௌவால்களை மட்டும் இரட்சித்து நின்றது. அதைப் பதுளையிலுள்ள பல்கலைக்கழகத்தின் புது மண்டபத்துக்குக் கொண்டுவரத் தொண்ணூற்றெட்டில் ஆணை பிறந்ததும், "திறப்புவிழாவில் முழங்கவைப்பேன், தவறின் என் பதவி உறுதிக் கடிதத்தைக் கிழித்தெறிக!" என்று உபவேந்தர் முன் சூளுரைத்தான் நம் வீரன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மூன்று பகல், வெண்கட்டியே வேலாய், ஏணியே இரதமாய், வௌவாற்படையின் எச்சமாரியைக் குடையால் தாங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு ஈயக்குழல்களையும் கழற்றி, எது எந்தத் துளைக்குரியது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தச் சோக்குக்கட்டியால் இலக்கமிட்டான். தாளிலும் எழுதிவைப்பது கோழைகளின் செயல் என்று விட்டுவிட்டான். பிறகு லொறி பிடிக்க டவுனுக்குப் போனவன், தேநீரும் குடித்தான்.

திரும்பியவன் கண்டது என்ன? மலையூற்று வழியும் பீலித் தண்ணீரடியில், கொழுந்து பறிக்கும் பெரியாயியின் தலைமையில் பத்துப் பெண்கள், புளியும் சாம்பலும் தேங்காய்நாரும் ஏந்தி, திருவிழாவுக்குக் குத்துவிளக்குத் துலக்கும் பக்தியோடு குழல்களைத் தேய்த்துக் கழுவி, பொட்டிட்டு, உயரவாரியாகச் சுவரில் சாத்தியிருந்தனர். குழல்கள் மின்னின. இலக்கம் ஒன்றும் இல்லை.

"உந்த இலக்கங்களை ஏன் அழிச்சனீங்கள்?" என்று அலறினான் வீரன்.

"தோட்டத்த விட்டுப் போற சாமான அழுக்கோட அனுப்புவாங்களா ஐயா? எல்லாத்துலயும் யாரோ சோக்குல கிறுக்கி வச்சிருந்தாங்க. அதத் தேய்ச்சே கை வலிச்சிருச்சு," என்றாள் பெரியாயி பெருமையோடு.

இரகுநாதனுக்கு அழுகை வந்தது.

பதுளையில் மூண்டது பெரும்போர். அவன் உத்தேசமாய்க் குழல்களை நட்டு, காற்றூட்டி, கட்டைகளை அழுத்த, ஒன்றில் எருமை கத்தியது, ஒன்றில் பிரஷர்குக்கர் விசிலடித்தது, ஒன்று வாயே திறக்கவில்லை. பிடுங்கினான், நட்டான், மறுபடி பிடுங்கினான். கடிதத்தை நினைத்துச் சோறு இறங்கவில்லை.

விழாநாளும் வந்தது. பிரதம விருந்தினர் அமர்ந்தார், உபவேந்தர் தலையசைத்தார், ஊவா மலைகள் செவிசாய்க்க, மண்டபம் மூச்சடக்க, சூளுரை காக்க எழுந்த இரகுநாதன், பொட்டு அழியாத அந்தக் குழல்வனத்தின் முன் வீற்றிருந்து, கட்டைகள்மேல் இடக்கையை விரித்து, வலக்கையைப் பெட்டிக்குப் பின்னால் மெல்ல நீட்டினான்.

அங்கே வைத்திருந்த ரேடியோவில் கேசட்டைப் போட்டான்.