பால் பொங்கினால்தான் சீனா பேசும்

மேற்கு ஜெர்மனியில் வேலைக்குத் தாமதமாகப் போனதற்குச் சீனாவைக் காரணம் காட்டிய ஒரே தமிழர் எங்கள் ஈர்க்குச்சியார்தான். ரயில் நின்றுவிட்டது, பனி கொட்டியது, காய்ச்சல் அடித்தது என்று மற்றவர்கள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். இவர் மட்டும் பேராசிரியரை நேருக்கு நேர் பார்த்து, காலையில் குறி சரியாக விழவில்லை, அதனால் மதியம்தான் கிளம்ப முடிந்தது என்று இலக்கணப் பிழையில்லாத ஜெர்மனில் சொல்வார். பேராசிரியர் அதை ஏதோ இந்திய வயிற்றுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்தி அனுப்புவார்.

எழுபதுகளின் தொடக்கம். பிராங்பேர்ட்டில் ஒரு மாணவர் விடுதியின் மேல்மாடி. அவர் ரசாயன ஆராய்ச்சி, நான் இயற்பியல். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு சமையலறையும் அதிலிருந்த கேஸ் அடுப்பும்தான். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் அவரை நான் 'சார்' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். வாரத்தில் ஆறு நாள் இந்த மரியாதை நீடிக்கும். ஏழாம் நாள் ஏன் நீடிக்காது என்பதுதான் கதையே.

அந்தக் காலத்தில் முடியைத் தோள்வரை வளர்த்த ஜெர்மன் பையன்களுக்குக் கிழக்கிலிருந்து எது வந்தாலும் ஞானம்தான். அப்படி ஒருவன் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்து, சீனர்கள் குறி கேட்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தான். ஐம்பது காய்ந்த குச்சிகள் வேண்டும். ஒன்றைத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தை இரண்டாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணி, மிஞ்சுவதை விரலிடுக்கில் செருக வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு கோடு கிடைக்கும். அது முழுக்கோடாகவும் இருக்கலாம், நடுவில் உடைந்த கோடாகவும் இருக்கலாம். கீழிருந்து மேலாக இப்படி ஆறு கோடுகள் சேர்ந்தால் அதற்கு ஒரு பலன். பையன் இரண்டே வாரத்தில் முடியை வெட்டிக்கொண்டு ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வியாதி மட்டும் எங்கள் ஆளிடம் தங்கிவிட்டது.

குச்சிக்கு எங்கே போவது? அதற்கென்று உள்ள செடி பிராங்பேர்ட்டில் டிராம் பாதையோரம் எல்லாம் முளைத்துக் கிடந்தது. ஆனால் நாய்கள் நின்று போகிற இடத்துக் குச்சியில் தெய்வம் இறங்காது என்று இவர் தீர்மானித்துவிட்டார். ஜெர்மனியில் துடைப்பம் கிடைக்காது என்ற கவலையில் என் அம்மா பெட்டிக்குள் ஒரு தென்னந்துடைப்பம் வைத்து அனுப்பியிருந்தாள். ஒருநாள் கூட்டலாம் என்று எடுத்தால், பாதிக்கு மேல் ஈர்க்குச்சிகளைக் காணோம்.

"சார், என் துடைப்பம் ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

"அதுக்கு ப்ரமோஷன் கிடைச்சிருக்கு தம்பி. இனிமே அது குப்பையைத் தொடாது."

ஈர்க்குச்சியார் என்ற பெயர் அன்றைக்கு விழுந்தது.

இதோடு நின்றிருந்தால் அவர் சாதாரணக் கிறுக்கராகவே இருந்திருப்பார். கெடுத்தது அவருடைய விஞ்ஞானம். அவர் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் எந்தக் கண்ணாடிக் குழாயைச் சூடேற்றினாலும் வெடித்துக்கொண்டிருந்தது. மறுபடி சோதனையைத் தொடங்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் உட்கார்ந்து குறி கேட்டார். நான் காபிக்குப் பாலை வைத்துவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அறைக்குப் போனேன். ஒரு காலில் சாக்ஸ் மாட்டியதும் தீய்ந்த வாடை. ஓடி வந்து பார்த்தால் அடுப்பெல்லாம் பால். அதற்கு ஒரு முழம் தள்ளி இவர் தவத்தில் இருக்கிறார்.

"யோவ், அறிவிருக்காய்யா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அதே நொடியில் அவருக்குக் கடைசிக் கோடு விழுந்தது. தொடங்கலாம் என்று பலன். மறுநாள் குழாய் வெடிக்கவில்லை.

வேறு யாராவது என்றால் நல்ல கண்ணாடி அமைந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் ஆராய்ச்சியாளர் அல்லவா? வெற்றி பெற்ற சோதனையின் நிபந்தனைகளில் ஒன்றைக்கூட மாற்றக் கூடாதாம். அடுத்த ஞாயிறு என் கதவைத் தட்டினார்.

"தம்பி, பால் வச்சாச்சு. ஒரு சாக்ஸைக் கழட்டிட்டு வா."

"எதுக்கு சார்?"

"போன வாரம் இடது கால்லதான் போட்டிருந்தே. வலது வெறும் கால்."

போனேன். குளிரில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பால் பொங்கியது. "ம், திட்டு" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏதோ முனகினேன்.

"கோபம் பத்தலை தம்பி. ஒரிஜினல்ல இன்னும் கொஞ்சம் வெறுப்பு இருந்துச்சு."

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஒரு லிட்டர் பால் சீனாவுக்கு. நான் எப்படித் திட்டினாலும் அவருக்குத் திருப்தி வராது. ஒருவாரம் வேகம் அதிகம் என்பார், ஒருவாரம் 'யோவ்' சரியில்லை என்பார். நாடக ஒத்திகையில்கூட ஒருவனை இவ்வளவு படுத்த மாட்டார்கள்.

சடங்கும் தானாக வளர்ந்தது. ஒருமுறை பாத்திர மூடி தரையில் விழுந்து உருண்டது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவது ஜெர்மனியில் கொலைக்கு அடுத்த குற்றம். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் கிழவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவை இடித்தார். அன்றைய குறியும் பலித்துத் தொலைத்தது. அவ்வளவுதான், வாராவாரம் மூடியை வீசி அந்தக் கிழவரை மேலே வரவழைப்பது என் பொறுப்பாயிற்று. முதலில் போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினார். பிறகு நாற்காலி கேட்டார். மனைவியை இழந்தவர், ஞாயிறு காலையில் அவருக்குப் போக வேறு இடமில்லை. கடைசியில் மூடி விழுவதற்கு முன்பே படியில் கேக்கோடு காத்திருப்பார், விழுந்ததும் ஒழுங்காகக் கதவை இடித்துத் திட்டிவிட்டு உள்ளே வந்து கேக்கை வெட்டுவார். கேக்கும் நிபந்தனைகளில் சேர்ந்தது. அதை மட்டும் நான் ஆட்சேபிக்கவில்லை.

பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், பொறியியல் படித்தவர். "உது சுத்த விசர் வேலை தம்பி. படிச்ச மனிசர் செய்யிற வேலையே?" என்று என்னிடம் சொல்வார். அடுத்த நிமிடம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்டு பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ" என்பார். அவரும் ஞாயிறு கேக்குக்குத் தவறியதில்லை.

இந்த நிலையில் மேற்கு பெர்லினில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சொந்தமாக ஆராய்ச்சி செய்யலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிராங்பேர்ட்டிலேயே, யாரும் தொட விரும்பாத ஒரு வேலையில் இன்னும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நான் ஆசைப்பட்டதெல்லாம் பெர்லினில் இருந்தது. ஆனால் அங்கே சுவரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. பயமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெட்கத்தை விட்டு ஈர்க்குச்சியாரிடம் போய் எனக்கு ஒரு குறி பார்க்கச் சொன்னேன்.

"முடியாது" என்றார்.

"ஏன் சார்? அண்ணைக்குப் பாக்கறீங்க, ஹவுஸ்மைஸ்டர் பொண்ணு கல்யாணத்துக்குப் பாத்தீங்க."

"நீ அப்பரேட்டஸ் தம்பி. தெர்மாமீட்டர் வந்து எனக்கு ஜுரமான்னு கேட்டா நான் என்ன செய்யறது?"

ஞாயிறு காலை அவரே கதவைத் தட்டினார். "சாக்ஸ்" என்றார்.

எல்லாம் முறைப்படி நடந்தது. மூடி விழுந்தது. கிழவர் இடித்தார், திட்டினார், உட்கார்ந்தார். அண்ணை வாசற்படியில் சாய்ந்து நின்றார். ஐந்து கோடுகள் விழுந்தாயிற்று. இத்தனை காலம் பக்கத்தில் நின்றதில் எனக்கும் கொஞ்சம் படிக்கத் தெரியும். ஆறாவது முழுக்கோடாக விழுந்தால் போகலாம். உடைந்த கோடாக விழுந்தால் இருக்கிற இடத்திலேயே இரு என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால், உடைந்த கோடு விழ வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். சீனாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழி என்மேல் வராது. அப்படியே இருந்துவிடுவது என்று முடிவுகூடச் செய்திருந்தேன்.

பால் விளிம்புவரை ஏறிவிட்டது. அவர் கையில் கடைசிக் கட்டுக் குச்சிகள். எண்ணப் போனவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோடுகளைப் பார்த்தார். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். ஏறிய பால் அப்படியே இறங்கிவிட்டது.

கிழவர் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது?"

"பால் பொங்கலை. ரீடிங் செல்லாது."

"மறுபடி வச்சுப் பாக்கலாமே."

"பிரயோஜனமில்லை தம்பி. உனக்குப் போக பயம். எனக்கு நீ போயிடுவியோன்னு பயம். இத்தனை பயத்தைக் கலந்துட்டா எந்த எக்ஸ்பெரிமெண்ட்டும் சரியா வராது." குச்சிகளை ஒன்றுசேர்த்துக் கட்டினார். "கேக்காமலே சொல்றேன். நீ பெர்லினுக்குப் போ."

முடிவெட்டிக்கொள்ளக்கூடக் குறி கேட்கிற மனிதர் அவர். பழக்கதோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"யோவ், அறிவிருக்காய்யா உனக்கு?"

அவர் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்பத்தான் தம்பி சரியா வந்துச்சு" என்றார்.

திங்கட்கிழமை சம்மதம் சொன்னேன். பெர்லினில் வேலை நன்றாகவே அமைந்தது. போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு, ஒற்றைச் சாக்ஸோடு அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.